நல்லார்பார் வெளியில் ஒழுகிய தொட்டி

முதல் நாள்: பெர்த் – மெரிடின், 260 கி.மீ.

அப்பா ஆஸ்திரேலியா வந்து ஆறு வாரம் ஆகிறது. கடைகளையும் பூங்காக்களையும் காட்டி முடித்தாயிற்று. எங்கள் வீட்டுக் கொல்லைக் குழாய்க்கு மூன்று தடவை வாஷர் மாற்றிவிட்டார். மூன்றாவது தடவை அதில் பழுதே இல்லை. இனி இவரை வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான், நடுவிலுள்ள நல்லார்பார் சமவெளியைக் கடந்து அடிலெய்ட் வரை வேனிலேயே போய் வரலாம் என்று கிளம்பினோம். என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. அவர் விமானத்தில் வந்து அங்கே சேர்ந்துகொள்வார்.

வேன் பழசு. போன வருஷம் ஒருவரிடமிருந்து வாங்கியது. உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, சின்ன சிங்க், கட்டிலுக்கு அடியில் 60 லிட்டர் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி, அதிலிருந்து தண்ணீர் இழுக்க 12 வோல்ட் பம்ப். எல்லாம் முந்தைய உரிமையாளர் தன் கையாலேயே செய்தது. நான் பக்கக் கட்டிலை விரித்துக்கொள்வேன். பெரிய கட்டில் அப்பாவுக்கு.

இன்று வழியெல்லாம் குழாய்தான். பெர்த் பக்கத்திலுள்ள முண்டேரிங் அணையிலிருந்து கல்கூர்லி தங்கவயல் வரை 530 கிலோமீட்டர், ரோட்டுக்குக் கூடவே வருகிறது. 1903இல் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அதைத் திட்டமிட்ட பொறியாளர் ஓ'கானர் பார்க்கவில்லை; அதற்கு முந்தைய ஆண்டே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பாவுக்கு முதுகுளத்தூர் பக்கம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு குடத்துக்குக் காசு கொடுத்து வாழ்ந்தவர். அதனால் வேறு எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. பத்து மைலுக்கு ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"இணைப்பு எப்படிப் போட்டிருக்கான் பாப்பா?"

"அந்தக் காலத்துல ஈயம் அடிச்சாங்கப்பா."

"அப்ப ஒழுகியிருக்குமே."

ஒழுகியது. முதலில் மண்ணுக்குள் புதைத்திருந்த குழாயை, துருவும் கசிவும் தாங்காமல் பிற்பாடு மேலே தூக்கி வைத்தார்கள். அப்பாவுக்கு அதைக் கேட்டதும் ஒரு திருப்தி.

இரண்டாம் நாள்: மெரிடின் – நார்ஸ்மன், 465 கி.மீ.

ஓட்டினோம், சாப்பிட்டோம், ஓட்டினோம். கூல்கார்டியில் தெற்கே திரும்பியாயிற்று. நார்ஸ்மனில் தொட்டியைக் கழுத்து வரை நிரப்பினேன். இங்கிருந்து செடூனா வரை சுமார் 1,200 கிலோமீட்டருக்கு நல்ல தண்ணீரை நம்பிப் போகக் கூடாது. நடுவில் இருப்பவை பெரும்பாலும் ரோட்டோர ரோட்ஹவுஸ்கள்தான்: பெட்ரோல், அறை, சாப்பாடு மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பெரும்பாலும் பாட்டிலில்தான் விலைக்கு வாங்க வேண்டும். தொட்டியில் 60 லிட்டர், கேனில் 10 லிட்டர். இரண்டு பேருக்குத் தாராளம் என்று எழுதி வைத்தேன். நாளை இந்த வரியைப் படிக்கும்போது எனக்கே சிரிப்பு வரும்.

மூன்றாம் நாள்: நார்ஸ்மன் – கைகூனா, 370 கி.மீ.

பலடோனியாவில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். 1979இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் உடைந்து விழுந்தது இந்தப் பக்கம்தான். ரோட்ஹவுஸிலேயே அதற்கு ஒரு சின்னக் காட்சியகம் வைத்திருக்கிறார்கள். குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் உள்ளாட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்த கதையை அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். அவர் கேட்கவில்லை. வேனுக்கு அடியில் குனிந்திருந்தார்.

தரையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். அதன் நடுவில் சொட்டு, சொட்டு, சொட்டு.

மெத்தையைத் தூக்கினேன். ஓரம் நனைந்திருந்தது. கீழே பலகை ஊறிக் கறுத்திருந்தது. தொட்டி வெள்ளையாக இருப்பதால் தண்ணீர் மட்டம் வெளியிலிருந்தே தெரியும். காலையில் கழுத்து வரை இருந்தது. இப்போது பாதிக்குச் சற்று மேலே. 25 லிட்டர் எங்களுக்குப் பின்னால் நெடுஞ்சாலையில் கிடக்கிறது.

குழாய் வெளியே வரும் நிப்பிளில்தான் கசிவு என்று நான் முடிவுகட்டினேன். ஸ்பேனர் எடுத்து இறுக்கினேன். மறுபடியும் இறுக்கினேன். அப்பா பேசாமல் தொட்டியின் அடியில் கையை விட்டு, விளிம்போடு தடவிக்கொண்டே போனார். பின்பக்க மூலையில் நின்றார். "நிப்பிள் காய்ஞ்சு கிடக்கு. இங்கனதான் ஈரம்."

என்னிடம் எபாக்ஸிப் பசைக்கட்டி இரண்டு இருந்தது. பிசைந்து ஒட்டினால் கல்லாகிவிடும். துடைத்துவிட்டு, கட்டை விரலால் அழுத்தி அப்பினேன். "நிக்காது பாப்பா" என்றார் அப்பா. நின்றுவிட்டது, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சொட்டு இல்லை. நான் ஜெயித்த முகத்தோடு ஓட்டினேன்.

பலடோனியாவைத் தாண்டியதும் 146.6 கிலோமீட்டர் நேர்ச்சாலை. ஸ்டியரிங்கைத் திருப்ப வேலையே இல்லை. நல்லார்பார் என்பது 'மரமில்லாதது' என்ற பொருளில் லத்தீனில் கட்டிய பெயர் என்று சொன்னேன். அப்பா கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "மரம் இருக்கே" என்றார். உண்மைதான், ரோடு வெளியின் தெற்கு ஓரமாகப் போவதால் பாதி தூரத்துக்கு மேல் மரம் தெரிந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "பேரு நல்லார். மழைதான் இல்ல" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

நான்காம் நாள்: கைகூனா – மட்ஜுரா, 157 கி.மீ.

காலையில் எபாக்ஸி பலகையில் கிடந்தது. அப்பிய வடிவம் அப்படியே, காயம் ஆறியதும் உதிரும் பொருக்கு மாதிரி முழுசாக. பின்பக்கம் வழவழவென்று இருந்தது. தொட்டியோடு அதற்கு எந்த உறவும் ஏற்பட்ட அடையாளமே இல்லை.

அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். அவர் சைக்கிள் கடை வைத்திருந்த காலத்தில் பஞ்சருக்கு அடுத்தபடியாகக் கடைக்கு வந்தது ஓட்டைக் குடம். "பிளாஸ்டிக்ல பைப் ஜாதி வேற, குடத்து ஜாதி வேற. பைப்புக்கு கம் போட்டா ரெண்டும் கரைஞ்சு ஒண்ணாயிரும். குடம் எதுலயும் கரையாது. அது மேல மெழுகு பூசின மாதிரி, தண்ணியே ஒட்டாது, பசை எங்க ஒட்டும்? உருக்கித்தான் சேக்கணும். அதையும் அதே ஜாதியோடதான்."

அவர் குடத்து ஜாதி என்றது பாலிஎத்திலின். பைப் பி.வி.சி. வேதியியல் புத்தகம் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் என்று தோன்றவில்லை.

முதல் வேலை, மிச்சத் தண்ணீரைக் காப்பாற்றுவது. விரிசல் அடிவிளிம்பில் இருப்பதால் விட்டால் கடைசிச் சொட்டு வரை போய்விடும். பின்சக்கரத்துக்கு அடியில் சமன்செய்யும் ஆப்புக்கட்டையை வைத்து வண்டியை ஏற்றி நிறுத்தச் சொன்னார். அந்த மூலை உயர்ந்தது, தண்ணீர் எதிர்ப்பக்கம் போய்த் தேங்கியது, சொட்டு நின்றது. இது நேற்றே எனக்குத் தோன்றியிருக்கலாம். அப்புறம் பம்பைப் போட்டு குக்கர், கெட்டில், மூன்று லிட்டர் பால் பாட்டில் இரண்டு, வாளி என்று கிடைத்ததையெல்லாம் நிரப்பினோம். மொத்தம் 19 லிட்டர். கையோடு கேனில் 8. இன்றிலிருந்து பாத்திரம் கழுவக் கிடையாது, டிஷ்யூவால் துடைப்புதான்.

கைகூனாவில் ஒரு வேடிக்கை. இங்கிருந்து கிழக்கே கடிகாரத்தை 45 நிமிடம் முன்னால் தள்ள வேண்டும். ஒரு மணி நேரமில்லை, அரை மணியும் இல்லை. எல்லைப் பக்கத்துச் சில ரோட்ஹவுஸ்கள் மட்டும் பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் நடுவாக ஒரு நேரம் வைத்துக்கொண்டு வாழ்கின்றன.

மதியம் மேட்டிலிருந்து ரோடு சரேலென்று இறங்கியது. கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் சமவெளி. பலகையில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்து, அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மதுரா! மதுரை வந்துட்டமா?" வெள்ளைக்காரன் காலத்தில் மதுரையை இதே எழுத்துகளில்தான் எழுதினார்கள். இங்கே உச்சரிப்பு மட்ஜுரா. பெயர்ப் பொருத்தத்தோடு விடாமல் இன்னொன்றும் சொன்னேன்: 1876இல் இந்த இடத்தில் குடியேறியவர்கள் குதிரை வளர்த்தது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காக. அப்பா சுற்றிலும் பார்த்தார். "குதிரைக்கு எங்க தண்ணி காட்டினான்?"

இங்கேயே தங்கி வேலையை முடிப்பதென்று முடிவு. தொட்டியைக் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து, குழாய் கிளிப்பைத் தளர்த்தி வெளியே எடுத்தோம். அப்போதுதான் குற்றவாளி தெரிந்தான். தொட்டி உட்காரும் பலகையில் ஒரு திருகாணி. தலை கால் அங்குலம் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த எடை முழுக்க அந்த ஆணித்தலையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது. அடியில் ஒரு குழி, குழியிலிருந்து விளிம்பை நோக்கி முடி போல ஐந்து சென்டிமீட்டர் விரிசல். நகத்தால் நெளித்தால்தான் வாய் திறக்கும்.

இன்றைக்கே பற்றவைக்கலாம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். ஈரம் இருந்தால் கொப்புளம் போடுமாம். காற்று நன்றாக அடித்தது. தொட்டியைக் கவிழ்த்து, வாயைத் திறந்து வைத்து, மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தோம்.

ஐந்தாம் நாள்: மட்ஜுரா – யூக்ளா, 182 கி.மீ. (மதியத்துக்கு மேல்)

இதை விவரமாக எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

சோதனை முதலில். பிளேடால் ஒரு சிலும்பு சீவி டம்ளர் தண்ணீரில் போட்டார். மிதந்தது. பிறகு அதைப் பற்றவைத்தார். மெழுகுவர்த்தி மாதிரி நிதானமாக எரிந்து, சொட்டி, அணைத்ததும் மெழுகு வாடை. குடத்து ஜாதிதான். பி.வி.சி. என்றால் தண்ணீரில் மூழ்கும், புகை மூக்கைக் கிழிக்கும்.

விரிசலின் இரண்டு நுனியிலும் சூடான ஆணியால் ஒரு சின்ன வட்ட ஓட்டை. கூர்நுனி இருந்தால் விரிசல் மேலே ஓடும். வட்டத்தில் வந்து நின்றுவிடும். பிறகு விரிசல் நெடுக கத்தியால் 'வி' வடிவில் பள்ளம். சுற்றிலும் இரண்டு விரற்கடைக்கு மேல்தோலைச் சுரண்டிப் புதுப் பிளாஸ்டிக் தெரியும்படி செய்தார். வெயிலும் வயதும் பட்ட தோல் உருகினாலும் சேராதாம்.

நிரப்புவதற்கு என்ன? பால் பாட்டிலும் இதே ஜாதிதான் என்று நான் ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தேன். தகடு மெல்லியது. தொட்டியின் சுவர் இளகுவதற்குள் அது உருகி ஓடிவிட்டது. அப்பா தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போல்ட் மாட்டுவதற்காக அச்சிலேயே வார்த்த காது இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருந்தது. முந்தைய உரிமையாளர் பட்டை போட்டுக் கட்டிவிட்டதால் இரண்டும் சும்மா கிடந்தன. ஆக்ஸா பிளேடை எடுத்து ஒரு காதை அறுத்தார். அதைச் சீவல் சீவலாக வெட்டிக்கொண்டார். அதே தொட்டி, அதே வார்ப்பு, அதே வயசு. இதைவிட நெருங்கிய சொந்தம் கிடைக்காது.

கருவி: ஒரு பழைய தட்டை ஸ்க்ரூடிரைவர். கேஸ் அடுப்பைக் காற்றுக்கு மறைவாக வேனுக்கு வெளியே வைத்து அதைச் சூடுசெய்தோம். (உள்ளே வைத்துச் செய்யாதீர்கள், புகை கெட்டது.) பாலிஎத்திலின் 130 டிகிரி வாக்கில் உருகிவிடும், கம்பி சிவக்கத் தேவையே இல்லை. தொட்டதும் புகைந்தால் சூடு அதிகம். கருகின பிளாஸ்டிக் பின்னால் நொறுங்கும். இரும்பை ஈரத்துணியில் ஒரு தட்டுத் தட்டிச் சூட்டைக் குறைத்துக்கொண்டார். சூட்டை அவர் கண்ணால் பார்க்கவில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

முக்கியமான நுணுக்கம் ஒன்று. சீவலை உருக்கி மேலே சொட்ட விடுவது ஒட்டு இல்லை. அடிச்சுவரையும் சேர்த்து இளக்கி, இரண்டும் பளபளவென்று ஈரமாகத் தெரியும்போது ஒன்றுக்குள் ஒன்றைப் பிசைய வேண்டும். "மாவுல வெல்லத்தைச் சேக்குற மாதிரி" என்றார். பள்ளம் நிறைந்ததும் என்னைப் பார்த்தார். "கம்பி வலை ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. டீ வடிகட்டி.

அதன் எவர்சில்வர் வலையைக் கத்தரித்து, சூடான இரும்பால் அழுத்தி, உருகிய பிளாஸ்டிக்குக்குள் புதைத்து, மேலே இன்னொரு அடுக்குக் காதுச் சீவல் போட்டு மூடினார். கரண்டியின் முதுகைச் சுடவைத்துத் தேய்த்து மட்டம் செய்தார். பார்க்க அழகாக இல்லை. ஊரில் பாட்டி வீட்டுக் குடத்தின் அடியில் இருக்குமே, அதே மாதிரி தழும்பு.

இனி ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர்தான் இல்லையே! இருந்த 19 லிட்டரில் 15ஐத் தொட்டியில் ஊற்றி, ஒட்டுப்போட்ட மூலை கீழே வரும்படி சாய்த்து வைத்தோம். அப்பா மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தார். சாமி கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன். ஒட்டின் மேல் நீளமாகப் பூசினார். ஈரம் துளி வந்தாலும் சாம்பல் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

கால் மணி நேரத்தில் காட்டிக்கொடுத்தது. ஒரு நுனியில், கடுகளவு. என் முகத்தைப் பார்த்து, "முதல் தடவையிலேயே நின்னா அது என் வேலை இல்ல" என்றார். மறுபடி தண்ணீரை வடித்து, ஒரு மணி நேரம் காயவைத்து, அந்த நுனியை மட்டும் கிளறி உருக்கினார். இரண்டாவது விபூதி அரை மணி நேரத்துக்கு மேல் வெள்ளையாகவே இருந்தது.

திரும்ப மாட்டும்போது ஆணியைப் பிடுங்கியாயிற்று. பலகையின் மேல் என் யோகா பாயை வெட்டி விரித்தோம். பட்டையை நான் இழுத்து இறுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். தண்ணீர் நிறைந்தால் தொட்டி உப்பும், அதற்கு இடம் வேண்டும்.

டீயில் தூள் மிதந்தது. இரண்டு பேரும் பேசாமல் குடித்தோம்.

ஆறாம் நாள்: யூக்ளா – நல்லார்பார் ரோட்ஹவுஸ், சுமார் 200 கி.மீ.

காலையில் யூக்ளாவின் பழைய தந்தி நிலையத்தைப் பார்க்கப் போனோம். 1877இல் தொடங்கியது, இப்போது கூரையில்லாத சுவர்கள் மணல்மேட்டில் பாதி புதைந்து நிற்கின்றன. முயல்கள் பெருகி மணலைப் பிடித்திருந்த செடிகளைத் தின்றுவிட, மேடு நகர்ந்து வந்துவிட்டதாம்.

எனக்குச் சுவர்கள், அப்பாவுக்கு மணல். இந்த ரோட்டுக்குப் பெயர் கொடுத்த எட்வர்ட் ஜான் ஐர், 1841இல் நாங்கள் போகும் திசைக்கு எதிர்த்திசையில் நடந்து கடந்தவர். அவரை உயிரோடு வைத்திருந்தது இந்தக் கடற்கரை மணல்மேடுகள். எங்கே தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்று இம்மண்ணின் பழங்குடிகள் காட்டிக்கொடுத்தார்கள். அதுவும் கிடைக்காத இடத்தில் செடிகளின் மேலிருந்த பனித்துளியை ஸ்பாஞ்சால் ஒற்றிப் பிழிந்து குடித்திருக்கிறார். கடைசிவரை கூட நடந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர்.

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணலைக் கையால் பறித்தார். முழங்கை ஆழத்தில் மணல் குளிர்ந்து நிறம் மாறியது. "இன்னும் ரெண்டு முழம் போனா ஊத்து வரும்." சின்ன வயதில் அப்பத்தா ராத்திரி மூன்று மணிக்கு ஊற்றடிக்குப் போய் வரிசை போடுவாராம். ஒரு கொட்டாங்கச்சி ஊறும், அள்ளுவார், அடுத்தது ஊறும் வரை உட்கார்ந்திருப்பார். குடம் நிறைய விடிந்துவிடும். அந்தக் குடத்தில் ஓட்டை விழுந்தால்? அப்பா பதில் சொல்லவில்லை, பறித்த குழியை மூடிவிட்டு எழுந்தார்.

பிற்பகல் ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் திமிங்கிலம் பார்த்தோம். மே முதல் அக்டோபர் வரை குட்டி போட வரும் சதர்ன் ரைட் திமிங்கிலங்கள். தாயும் குட்டியும் செங்குத்துப் பாறைக்குக் கீழே மிதந்தன. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டிக்குத் திரும்பியதும் இரண்டு பேரும் முதலில் செய்தது மெத்தையைத் தூக்கிப் பார்த்தது. விபூதி வெள்ளை.

ஏழாம் நாள்: நல்லார்பார் ரோட்ஹவுஸ் – செடூனா, 300 கி.மீ.

செடூனாவில் பழம், காய்கறிக்குச் சோதனைச் சாவடி இருக்கிறது. பழ ஈ உள்ளே வரக் கூடாதென்று பச்சையாக எதையும் விட மாட்டார்கள். அதனால் காலையிலேயே மிச்சமிருந்த வெங்காயம், கத்திரிக்காய், பச்சைமிளகாய் எல்லாவற்றையும் போட்டு ஒரு குழம்பு. எலுமிச்சம்பழம் இரண்டை மறந்துவிட்டோம். அதிகாரி எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அப்பாவுக்கு அதில்தான் வருத்தம்.

ஊருக்குள் போய்த் தொட்டியை நிரப்பினேன். ஒட்டுப்போட்ட பிறகு இப்போதுதான் முழு 60 லிட்டர் ஏறுகிறது. முதல் தொட்டித் தண்ணீரில் லேசாகக் கருகல் வாடை இருந்தது; பம்பைப் போட்டு வடித்துவிட்டு இன்னொரு முறை நிரப்பினேன். இரவில் டார்ச் வெளிச்சம் இரண்டு முறை என் கண்ணில் பட்டது. இரண்டு முறையும் நான் தூங்குகிற மாதிரியே படுத்திருந்தேன்.

காலையில் புது டீ வடிகட்டி வாங்கலாம் என்று கடைக்குக் கூட்டிப் போனேன். அப்பா விலையைப் பார்த்தார், மனசுக்குள் ரூபாயில் பெருக்கினார், திரும்ப ஆணியில் மாட்டினார்.

"தூளு அதுவா கீழ தங்கும் பாப்பா. கொஞ்ச நேரம் ஆடாம வச்சிருந்தாப் போதும்."